மாற்றிப் பார்த்தும் மாறாதவை

பள்ளிக்கூடத்து ரசாயன அறையின் சுவரில் தனிமங்களின் அட்டவணை தொங்குவதை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு தனிமத்தின் பெயரும் அதனுடன் இரண்டு எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். பின்னங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு 1, 1. ஹீலியத்துக்கு 2, 4. கார்பனுக்கு 6, 12. நைட்ரஜனுக்கு 7, 14. ஆக்சிஜனுக்கு 8, 16. முதலாவது அணு எண், இரண்டாவது அணு எடை என்று மாணவர்கள் தடையின்றி ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் இந்த லேசான தனிமங்களில் எடை ஏன் எண்ணைப்போல் இரட்டிப்பாக இருக்க வேண்டும், ஹைட்ரஜன் மட்டும் ஏன் அந்த வழக்கத்துக்குப் புறம்பாக நிற்க வேண்டும் என்று கேட்கும் மாணவன் அபூர்வம். அப்படி ஒருவன் கேட்டுவிட்டால், அணுவுக்குள் எலெக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்று மூன்று வகைத் துகள்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லி அவனை அனுப்பிவிடலாம். அந்த விடையில் பிழை ஒன்றுமில்லை. எனினும், ஒருவரும் கண்ணால் காணாத மூன்று வஸ்துக்களை இது இன்னது, அது இன்னது என்று இனம் பிரித்துச் சொல்ல மனிதனுக்கு எப்படிச் சாத்தியமாயிற்று என்ற கேள்வி அதற்குப் பின்னும் அப்படியே நிற்கிறது.

நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம், அணுவின் குறுக்களவைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. ஆகையால் எத்தனை நேர்த்தியான ஒளி நுண்ணோக்கியைக் கொண்டு பார்த்தாலும் அணுவின் அங்கங்கள் நமக்குத் தெரியப்போவதில்லை. நமது தர்க்க சாஸ்திரிகள் அறிவு பெறும் வழிகளை வகுத்தபோது பிரத்தியட்சத்தை முதலிலும் அனுமானத்தை அதற்கு அடுத்தும் வைத்தார்கள். அணுவின் விஷயத்தில் முதல் வழி தொடக்கத்திலேயே அடைபட்டுப் போனபடியால், அனுமானம் ஒன்றையே துணையாகக் கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. அனுமானத்திலோ ஓர் அபாயம் உண்டு: கிடைத்த தடயம் ஒன்றாக இருக்க, அதற்குப் பொருந்தும் விளக்கங்கள் பலவாக இருக்கலாம். இந்த அபாயத்திலிருந்து தப்புவதற்கு விஞ்ஞானிகள் கைக்கொண்ட யுக்தி மிகவும் எளியது. பரிசோதனையின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எதை மாற்றினாலும் தான் மாறாமல் நிற்பது எதுவோ அதையே அடிப்படை என்று ஒப்புக்கொள்வதுதான் அது. மின்னேற்றம் எவ்வளவு, நிறை எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கு இந்த முறையில் விடை கண்டே, மூன்று துகள்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடையாளம் காணப்பட்டன.

முதலில் அகப்பட்டது எலெக்ட்ரான். நமது கலைச்சொல்லில் எதிர்மின்னி. காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு உலோக மின்வாய்களைப் பொருத்தி உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால், எதிர்மின்வாயிலிருந்து ஒருவகைக் கிரணம் புறப்பட்டு, எதிரே உள்ள கண்ணாடியைப் பச்சையாக ஒளிரச் செய்யும். அது ஒளியைப் போன்றதோர் அலையா, அல்லது மின்னேற்றம் பெற்ற துகள்களின் வரிசையா என்பது பற்றிச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில் பெரிய விவாதம் நடந்தது. மின்சாரத் தகடுகள் இரண்டின் நடுவே அதைச் செலுத்திய ஹெர்ட்ஸ், அது சிறிதும் வளையாமல் நேரே சென்றதைக் கண்டு, அது துகளாக இருக்க முடியாது என்று கருதினார். 1897இல் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜே. ஜே. தாம்சன் இதே பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது, குழாயில் எஞ்சியிருந்த வாயுவே மின்சாரத்தைக் கடத்தித் தகடுகளின் விசையை மறைத்துவிடுகிறது என்பதை உணர்ந்து, வாயுவை மேலும் மேலும் வெளியேற்றினார். அதன் பிறகு தகடுகளுக்கு மின்சாரம் கொடுத்தால், கண்ணாடியின் மேல் விழுந்திருந்த ஒளிப்புள்ளி இருந்த இடத்தைவிட்டு நகர்ந்தது. எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதிலிருந்து அதன் மின்னேற்றம் எதிர்வகையானது என்பது தெளிவாயிற்று.

தகடுகள் ஒரு பக்கம் இழுக்க, காந்தம் ஒன்றை வைத்து மறுபக்கம் இழுக்கச் செய்து, புள்ளி பழைய இடத்துக்கே வந்து நிற்கும்படி இரண்டையும் சமன்செய்தால், கிரணம் ஓடும் வேகம் கணக்கில் கிடைக்கும். வேகம் தெரிந்தபின் காந்தத்தை எடுத்துவிட்டுப் புள்ளி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்தால், துகளின் மின்னேற்றத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். தாம்சன் இதை ஒருமுறை அளந்ததோடு திருப்தி அடைந்துவிடவில்லை. குழாய்க்குள் காற்று இருந்தபோதும், ஹைட்ரஜன் இருந்தபோதும், கரியமில வாயு இருந்தபோதும் அளந்தார். மின்வாயை அலுமினியத்தில் ஒருமுறையும் வேறு உலோகங்களில் மறுமுறையும் செய்து அளந்தார். விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வாயு எதுவாயினும் உலோகம் எதுவாயினும் வெளிவரும் துகள் ஒன்றே என்றால், அது எல்லா வஸ்துக்களுக்கும் பொதுவான அங்கமாக இருக்க வேண்டும்.

அந்த விகிதம் ஹைட்ரஜன் அயனியின் விகிதத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டதாக இருந்தது. துகளின் மின்னேற்றம் மிகப் பெரியதாக இருந்தாலும் இப்படி வரலாம். நிறை மிகச் சிறியதாக இருந்தாலும் வரலாம். ஓர் அளவையைக் கொண்டு இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்க முடியாது என்ற இந்தத் தடை, பின்னால் நியூட்ரான் விஷயத்திலும் குறுக்கிடப்போவதால், இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1899இல் தாம்சன் மின்னேற்றத்தைத் தனியாகவே அளந்து, அது ஹைட்ரஜன் அயனியின் ஏற்றத்துக்குச் சமமானது என்று காட்டினார்; ஆகவே சிறியது நிறைதான் என்பது உறுதியாயிற்று. எலெக்ட்ரானின் நிறை ஹைட்ரஜன் கருவின் நிறையில் 1,836இல் ஒரு பங்கு என்பது இன்றைய கணக்கு.

எதிர்மின்னி இருக்கிறது, ஆனால் அணு முழுதாகப் பார்த்தால் மின்னேற்றம் அற்றது என்றால், அதற்குள் நேர்மின் ஏற்றமும் அதனுடன் நிறையின் பெரும்பகுதியும் எங்கோ இருந்தாக வேண்டும். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் மேற்பார்வையில் கைகரும் மார்ஸ்டனும் 1909இல் அந்த இடத்தைத் தேடினார்கள். கதிரியக்கப் பொருளிலிருந்து வெளிவரும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டின் மேல் செலுத்தி, அவை சிதறி எங்கே போய் விழுகின்றன என்று துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் பார்த்தார்கள். ஒரு துகள் விழுந்தால் திரையில் ஒரு பொறி மின்னி மறையும். அதைக் காண்பதற்கு இருட்டறையில் வெகுநேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுண்ணோக்கியின் வழியே பொறிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பெரும்பாலான துகள்கள் தகட்டைத் துளைத்துக்கொண்டு போய்விட, பிளாட்டினத் தகட்டில் விழுந்தவற்றுள் எட்டாயிரத்தில் ஒன்று மட்டும் வந்த பக்கமே திரும்பியது. அத்தனை வேகமும் கனமும் உள்ள துகளைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால், அணுவின் நேர்மின் ஏற்றமும் நிறையும் மிகச் சிறிய ஓரிடத்தில் திரண்டிருக்க வேண்டும் என்று 1911இல் ரூதர்ஃபோர்டு முடிவுகட்டினார். அந்த இடத்துக்குத்தான் அணுக்கரு என்று பெயர்.

கருவின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் அவரே முதல் விடையைக் கண்டார். 1917 முதல் நடத்தி 1919இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பித்தளைக் கலத்தில் ஆல்ஃபா துகள்களை வெளியிடும் பொருளை வைத்து, அவை வந்து எட்டமுடியாத தொலைவில் திரையைப் பொருத்தி, கலத்துக்குள் வாயுக்களை மாற்றி மாற்றி நிரப்பிப் பார்த்தார். ஆக்சிஜனையோ கரியமில வாயுவையோ நிரப்பியபோது திரையில் பொறிகள் குறைந்தன. உலர்ந்த காற்றை நிரப்பியபோது அதற்கு மாறாக அதிகரித்தன. காற்றுக்குப் பதில் சுத்தமான நைட்ரஜனை நிரப்பியதும் இன்னும் கால்பங்கு அதிகரித்தன. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்பதை எண்ணிப் பார்த்தால், பொறிகளுக்குக் காரணம் நைட்ரஜனே என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வெகுதூரம் பாய்ந்து வந்த அத்துகள்கள் ஹைட்ரஜன் கருவின் லட்சணங்களைக் கொண்டிருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் போரான், ஃபுளோரின், சோடியம், அலுமினியம், பாஸ்பரஸ் ஆகியவற்றிலிருந்தும் அதே துகள் வெளிப்பட்டது. தனிமங்கள் மாறியும் வெளிவந்தது மாறாததால், ஹைட்ரஜன் கரு எல்லாக் கருக்களுக்கும் பொதுவான உறுப்பு என்று கொள்ளப்பட்டு, 1920இல் புரோட்டான் என்ற பெயரைப் பெற்றது. நாம் அதை நேர்மின்னி என்கிறோம்.

இந்த இடத்தில்தான் இரண்டு எண்களின் புதிர் கூர்மை அடைந்தது. அணு எண் என்பது கருவில் உள்ள நேர்மின் ஏற்றத்தின் எண்ணிக்கையே என்று 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு நிறுவியிருந்தார். நைட்ரஜன் கருவின் ஏற்றம் 7. ஏழு புரோட்டான்கள் இருந்தால் ஏற்றம் சரிப்பட்டுவிடும், ஆனால் எடையில் பாதி குறையும். பதினான்கு புரோட்டான்கள் இருந்தால் எடை சரிப்பட்டுவிடும், ஆனால் ஏற்றம் இரட்டிப்பாகிவிடும். இந்தச் சங்கடத்துக்கு அக்காலத்தவர் கண்ட பரிகாரம், பதினான்கு புரோட்டான்களோடு ஏழு எலெக்ட்ரான்களும் கருவுக்குள்ளேயே அடைபட்டிருக்கின்றன என்று கொள்வதாகும். எலெக்ட்ரானின் நிறை அற்பமானதால் எடை மாறாது. ஏழு எதிர்மின் ஏற்றங்கள் ஏழு நேர்மின் ஏற்றங்களை ஈடுகட்டிவிடும். கதிரியக்கத்தில் கருவிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிவருவதும் இதற்குச் சாதகமாகவே தோன்றியது. புரோட்டானும் எலெக்ட்ரானும் நெருங்கிப் பிணைந்து மின்னேற்றமற்ற துகளாகவும் இருக்கக்கூடும் என்று ரூதர்ஃபோர்டு 1920இலேயே ஓர் ஊகத்தை வெளியிட்டிருந்தார்; ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்திருக்கவில்லை.

அந்தப் பரிகாரத்தை அசைத்தது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டுபிடித்த ஒளிச்சிதறல் விளைவு என்பதைத் தமிழர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். ஒரு மூலக்கூறினால் சிதறடிக்கப்பட்ட ஒளியை நிறமாலையாக விரித்தால், அம்மூலக்கூறு சுழலும் விதத்தைக் காட்டும் வரிகள் அதில் தெரியும். 1929இல் ரசெட்டி என்ற இத்தாலியர், கலிபோர்னியாவில் நைட்ரஜன் வாயுவின் ராமன் வரிகளைப் படம்பிடித்தபோது, அவை ஒன்றுவிட்டு ஒன்று பிரகாசமாகவும் மங்கலாகவும் மாறிமாறி அமைந்திருந்தன. எந்த வரிசை பிரகாசமானது என்பது, ஒரு கருவிலுள்ள துகள்களின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்தது. பதினான்கு புரோட்டான்களும் ஏழு எலெக்ட்ரான்களும் சேர்ந்தால் இருபத்தொன்று, ஒற்றைப்படை. வரிகளோ இரட்டைப்படை என்று தீர்ப்புக் கூறின. ஹைட்லரும் ஹெர்ட்ஸ்பெர்க்கும் இந்த முரண்பாட்டை அதே ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். எடையும் ஏற்றமும் சரியாக இருந்தும், எண்ணிக்கையில் கணக்கு இடறியது.

இதற்கிடையில் வேறொரு திசையிலிருந்து ஒரு விசித்திரம் வந்து சேர்ந்தது. பொலோனியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களைப் பெரிலியம் என்ற உலோகத்தின் மேல் செலுத்தினால், மின்னேற்றமற்றதும் ஈயத்தையும் துளைக்கவல்லதுமான ஒரு கிரணம் வெளிப்படுகிறது என்று 1930இல் போத்தேயும் பெக்கரும் ஜெர்மனியில் கண்டார்கள். மின்னேற்றமற்ற கிரணம் என்றால் அக்காலத்தில் எல்லார் மனத்திலும் தோன்றியது, ஒளியின் இனத்தைச் சேர்ந்த காமா கதிரே. 1932ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸில் ஐரீன் கியூரியும் அவர் கணவர் பிரெடரிக் ஜோலியோவும் அந்தக் கிரணத்தின் பாதையில் பாரஃபின் மெழுகை வைத்தபோது, மெழுகில் நிறைந்துள்ள ஹைட்ரஜனிலிருந்து புரோட்டான்கள் பெருவேகத்தோடு தெறித்தன. எலெக்ட்ரானைக் காமா கதிர் உதைத்துத் தள்ளுவது முன்பே தெரிந்த விஷயமாதலால், இங்கே அது புரோட்டானையும் தள்ளுகிறது என்று அவர்கள் வியாக்கியானம் செய்தார்கள். ஆனால் எலெக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு கனத்த ஒன்றை அவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டுமானால், காமா கதிருக்கு ஏறக்குறைய ஐந்தரைக் கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தி இருக்க வேண்டும். உள்ளே போன ஆல்ஃபா துகளின் சக்தியோ ஐம்பத்து மூன்று லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்தான். இந்தச் செய்தியைக் கேம்பிரிட்ஜில் படித்த ஜேம்ஸ் சாட்விக்குக்கும் ரூதர்ஃபோர்டுக்கும் அந்த வியாக்கியானம் நம்பத்தக்கதாகப் படவில்லை.

சாட்விக் செய்ததைப் புரிந்துகொள்ளக் கோலி விளையாட்டுத் தெரிந்திருந்தால் போதும். ஒரு கோலியால் அதற்குச் சமமான எடையுள்ள மற்றொரு கோலியை நேருக்கு நேராக அடித்தால், அடித்தது நின்றுவிட, அடிபட்டது ஏறக்குறைய அந்த வேகம் முழுவதையும் வாங்கிக்கொண்டு ஓடும். அதே கோலியால் பதினான்கு மடங்கு எடையுள்ள இரும்புக் குண்டை அடித்தால், குண்டு மெல்ல நகர, கோலி பின்னால் தெறிக்கும். இப்போது அடிக்கும் கோலி நம் கண்ணுக்குத் தெரியாதது என்றும், அடிபட்டு ஓடுபவை மட்டுமே தெரிகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். சிறு கோலி ஒன்று மட்டும் ஓடுவதைப் பார்த்தால், கனத்தது மெதுவாக வந்து அடித்ததா, லேசானது விரைந்து வந்து அடித்ததா என்று சொல்ல இயலாது. ஆனால் சிறு கோலியையும் இரும்புக் குண்டையும் தனித்தனியே அதே மாயக்கோலி அடித்து, இரண்டும் ஓடிய வேகங்கள் தெரிந்துவிட்டால், அடித்ததன் எடையைக் கண்டுவிடலாம். அது மிகமிக லேசானதாக இருந்தால் சிறு கோலியின் வேகம் குண்டின் வேகத்தைப்போல் பதினான்கு மடங்காகும். மிகமிகக் கனத்ததாக இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும். சிறு கோலிக்குச் சமமானதாக இருந்தால் ஏழரை மடங்காகும்.

சாட்விக்கின் கருவி, இந்த அடிபட்ட துகள்களைக் கண்டுபிடிப்பதற்காகவே அமைந்தது. பொலோனியமும் பெரிலியமும் வைத்த சிறு கலத்துக்கு எதிரே, அயனிகளைக் கணக்கிடும் ஓர் அறையை வைத்து அதைப் பெருக்கிக் கருவியோடு இணைத்திருந்தார். பொலோனியத்துக்கு மூலம், பால்டிமோர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் சிகிச்சைக்குப் பயன்பட்டுத் தீர்ந்துபோன ரேடான் குழாய்கள். அறைக்குள் ஒரு துகள் புகுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் புகைப்படத் தாளில் ஒரு கூரிய கோடு எழும். கலத்துக்கும் அறைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர் ஈயத்தை வைத்தும் கோடுகள் குறிப்பிடும்படி குறையவில்லை. ஈயத்துக்குப் பதில், அதனினும் எத்தனையோ மெல்லிய இரண்டு மில்லிமீட்டர் மெழுகுத் தகட்டை வைத்தபோது கோடுகள் குறைவதற்கு மாறாகப் பெருகின; மெழுகிலிருந்து புரோட்டான்கள் தெறித்து அறைக்குள் வருகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அதோடு நிற்காமல், ஹைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம், லித்தியம், நைட்ரஜன், ஆர்கான் முதலியவற்றையும் கிரணத்தின் எதிரே வைத்துப் பார்த்தார். அனைத்தின் கருக்களும் அடிபட்டு ஓடின.

புரோட்டான் வினாடிக்கு 33,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. நைட்ரஜன் கரு ஓடிய வேகத்தை அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபெதர், துகள் ஓடும் பாதையைக் காட்டும் மேக அறை என்ற கருவியில் விழுந்த தடங்களின் நீளத்திலிருந்து கணித்தார். அது வினாடிக்கு 4,700 கிலோமீட்டர். ஒன்று மற்றதைப்போல் ஏழு மடங்கு. வந்து மோதியது காமா கதிராயின், அதற்கு நிறை இல்லாததால், ஏறக்குறைய பதினான்கு மடங்கு வந்திருக்க வேண்டும். சக்தியின் வழியாகப் பார்த்தாலும் இதே முரண்பாடு எழும்: ஹைட்ரஜனின் ஓட்டத்தை விளக்க ஐந்தரைக் கோடி எலெக்ட்ரான் வோல்ட் போதும், நைட்ரஜனின் ஓட்டத்துக்கோ ஒன்பது கோடி வேண்டும்; ஒரே கிரணத்தின் சக்தி, அது மோதும் பொருளைப் பொறுத்து மாறாது. மோதியது புரோட்டானுக்குச் சமமான நிறையுள்ள துகள் என்று கொண்டாலோ எல்லா எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போய்விடுகின்றன. 1932 பிப்ரவரி 17ஆம் தேதியிட்டு நேச்சர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், நியூட்ரான் இருக்கக்கூடும் என்று மட்டுமே சாட்விக் அடக்கத்தோடு சொன்னார். புரோட்டான் தெறிக்கும் ஒரு மோதலை மட்டும் கொண்டு பாரிஸ் தம்பதியர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்; நைட்ரஜன் மோதலையும் சேர்த்துக்கொண்டது சாட்விக்குக்கு வேறொரு முடிவைத் தந்தது. 1935இல் சாட்விக்குக்குப் பௌதிகத்துக்கும், செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டதற்காக அத்தம்பதியருக்கு ரசாயனத்துக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நியூட்ரான் வந்ததும் பழைய சங்கடங்கள் ஒருங்கே தீர்ந்தன. நைட்ரஜன் கருவில் ஏழு புரோட்டான்களும் ஏழு நியூட்ரான்களும் இருக்கின்றன என்றால் ஏற்றம் 7, எடை 14, துகள்களின் எண்ணிக்கை 14. ராமன் வரிகள் கேட்ட இரட்டைப்படையும் கிடைத்துவிடுகிறது. லேசான தனிமங்களில் இரண்டு வகையும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருப்பதால்தான் எடை எண்ணைப்போல் இரட்டிக்கிறது. ஹைட்ரஜன் கரு ஒற்றைப் புரோட்டானாகையால் அதற்கு இரட்டிப்பில்லை. குளோரின் அணுக்களில் சில 35ஆகவும் சில 37ஆகவும் எடை பெறுவதற்குக் காரணம், இரண்டு நியூட்ரான்கள் கூடியிருப்பதே.

ஆனால் இந்த நியூட்ரான், ரூதர்ஃபோர்டு ஊகித்தபடி புரோட்டானும் எலெக்ட்ரானும் பிணைந்த ஜோடிதானா என்ற ஐயம் எஞ்சியிருந்தது. பிணைந்திருக்கும் பொருள் தன் உறுப்புக்களின் கூட்டு எடையைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். பிணைந்தபோது வெளியேறிய சக்தியின் அளவுக்கு அது எடையை இழந்துவிடுகிறது. சாட்விக்கும் கோல்டேபரும் 1934லும் 1935லும் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்த கன ஹைட்ரஜனின் கருவைக் காமா கதிரால் பிளந்து நியூட்ரானின் நிறையைத் துல்லியமாகக் கணித்தபோது, அது புரோட்டானும் எலெக்ட்ரானும் சேர்ந்த எடையைவிட அதிகமாகவே இருந்தது. ஆகவே நியூட்ரான் ஜோடியன்று, தனித்துகள். கருவைவிட்டு வெளியே வந்த நியூட்ரான் சராசரியாகக் கால்மணி நேரத்தில் சிதைந்து புரோட்டானையும் எலெக்ட்ரானையும் வெளியிடுகிறது என்றாலும், அவை அதற்குள் முன்பே ஒளிந்திருந்தவை அல்ல. சிதையும் கணத்தில் உண்டாகின்றவை.

மூன்று துகள்களும் இவ்வாறு நிலைபெற்ற பிறகும் பரிசோதனை நின்றுவிடவில்லை. 1968ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள முடுக்கியில் எலெக்ட்ரான்களுக்குப் பெருவேகம் ஊட்டிப் புரோட்டானின் மேல் மோதச் செய்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகுதியான எலெக்ட்ரான்கள் அகன்ற கோணங்களில் சிதறின. உலோகத் தகட்டிலிருந்து திரும்பிய ஆல்ஃபா துகள்களைக் கொண்டு ரூதர்ஃபோர்டு கருவை ஊகித்த அதே நியாயத்தின்படி, புரோட்டானுக்குள்ளும் செறிந்த சிறு உறுப்புக்கள் உண்டு என்று கொள்ள நேர்ந்தது. கெல்மானும் ஸ்வைகும் 1964இல் ஏட்டளவில் கற்பித்திருந்த குவார்க்குகள் அவையே என்பது பின்னர் தெளிவாயிற்று. நியூட்ரானும் அவ்வாறே குவார்க்குகளால் ஆனது. எலெக்ட்ரான் மட்டும், புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு நுண்மை வரையில் துருவிப் பார்த்தும், உள்ளுறுப்பு எதையும் இதுவரை காட்டவில்லை.

ஆகவே அடிப்படைத் துகள் என்று நாம் சொல்லும்போது, இன்ன சக்திகொண்டு, இன்ன இன்ன மாறுதல்கள் செய்து பார்த்தும் அது மாறாமல் நின்றது என்பதற்கு மேல் வேறொன்றும் சொல்வதற்கில்லை. புரோட்டான் ரூதர்ஃபோர்டின் பித்தளைக் கலத்தில் அந்தத் தேர்வில் நின்றது. ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் நிற்கவில்லை. இதனால் ரூதர்ஃபோர்டின் முடிவு பொய்யாகிவிடாது. அவரிடம் இருந்த ஆல்ஃபா துகளின் சக்திக்கு அது இன்றும் மெய்யே. தேர்வின் கடுமை ஏற ஏற, தேறுகின்றவற்றின் பட்டியல் மாறலாம். தேர்வு நடத்தும் முறையோ தாம்சன் குழாய்க்குள் வாயுவை மாற்றி அளந்த நாளிலிருந்து இன்றுவரை ஒன்றாகவே இருக்கிறது.